தக்கை அடைத்த துப்பாக்கி

எங்கள் அறையில் உருப்படியான நாற்காலி இரண்டு. ஒன்றில் உட்கார்ந்து நான் தட்டச்சு செய்கிறேன். மற்றதில் நூலக்கா உட்கார வேண்டும். அவளோ காலை முழுக்க மேஜைக்கு முன்னால் நின்றே வேலை செய்துவிட்டு, மத்தியானம் ஆனதும் "கால் ரெண்டும் கழண்டு போச்சுடி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். உட்காருங்களேன் என்றால், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பாள். அவளுக்குத் தூக்கம் வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. விழித்துக்கொண்டிருக்கிறாளே, அதுதான் ஆச்சரியம்.

நூலக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். மரவேலைக்காரர்கள் நூல் என்பார்களே, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அந்த நூல். அவள் கையில் இருக்கும் மைக்ரோமீட்டர் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக அளக்கும். ஆனாலும் வாயில் வருவது "ஒரு நூல் கூட இருக்கும் போலிருக்கேடி" என்பதுதான். பரணிலும் பாழுங்கிணற்றிலும் செத்துப்போனவர்களின் பெட்டியிலும் கிடைக்கும் துப்பாக்கிகளைக் காவல் நிலையங்கள் எங்களுக்கு அனுப்பும். இது எந்த அளவுத் தோட்டாவைத் தின்னும், எங்கே செய்தது, இன்னும் வெடிக்குமா என்று சொல்ல வேண்டியது அவள். அதைப் பிழையில்லாமல் தட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியது நான். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. துப்பாக்கி என்றாலே என் கண்ணுக்கு இப்போது துரு நாற்றம்தான் வருகிறது; கண்ணுக்கு எப்படி நாற்றம் வரும் என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

வேலையில் அவளுக்கு இரண்டு பிடிவாதம். துப்பாக்கி மேஜைக்கு வந்ததும் அதில் எங்கெல்லாம் எழுத்தும் முத்திரையும் இருக்கிறதோ அங்கெல்லாம் துணி பிளாஸ்திரியை ஒட்டி மறைத்துவிடுவாள். அப்புறம்தான் அளப்பாள். அளந்து முடித்த பிறகே பிளாஸ்திரியை உரிப்பாள். "கண்ணு முதல்ல படிச்சுடுச்சுன்னா கை அதையேதான் அளக்கும்" என்பாள். இரண்டாவது, உடைமைக்காரர்களோடு பேச மாட்டாள். யார் வந்து என்ன கதை சொன்னாலும் ஒரே பதில்: "அளந்த பிறகு சொல்றேன்." அந்தக் கதைகளை எல்லாம் கேட்டுத் தொலைவது என் பொறுப்பு. ஊரில் உள்ள அத்தனை தாத்தாவும் தளபதியாக இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

வீட்டில் அவள் வேறு ஆள். சோற்றுக்குத் தண்ணீர் கண்ணளவு, உப்பு கையளவு. அவளுடைய வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய்க் கட்டிலோடு இருக்கிறார். எழுப்பி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மறுபடி சாய்ப்பது எல்லாம் அவள் கை. மனுஷர் ஆலையில் சாமான் அறை உதவியாளராக இருந்தவர். இப்போது யார் பார்க்க வந்தாலும், தனக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்த்தார்கள் என்று அளந்து விடுகிறார். சொல்லிவிட்டு நூலக்காவைப் பார்ப்பார். அவளும் "ஆமா, நாப்பது பேரு" என்பாள். ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்.

"ஆபீஸ்ல ஒரு மயிரிழை விட மாட்டீங்க. அங்க மட்டும் என்னக்கா இவ்வளவு தாராளம்?"

"அது கேஸ் இல்லடி" என்றாள்.

எங்கள் அறைக்கு ஒரு தையல்காரர் வந்தாரே, அதற்கு முந்தின இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. வீட்டுக்காரர் குளியலறையில் சறுக்கி விழுந்துவிட, ஒற்றை ஆளாகத் தூக்கியிருக்கிறாள். வலது மணிக்கட்டு வீங்கி, அதைச் சுற்றி ஒரு பழைய துணி. வந்ததும் நான் வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே ஒரு முறை கண் செருகியதையும் பார்த்தேன். வீட்டுக்குப் போங்கக்கா என்றேன். வீட்டுக்குப் போனால்தான் வேலை அதிகம் என்றாள்.

அப்போதுதான் ஒரு காவலர் துப்பாக்கியோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு கிழவரும் நடுவயது ஆளும். வழக்கமாக உடைமைக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்று எந்த மகானுபாவன் உள்ளே விட்டானோ தெரியவில்லை. துப்பாக்கிக்குக் கெட்டித் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. நீளத்துக்கு நீளம், வளைவுக்கு வளைவு, சட்டை போட்டதுபோல் இருந்தது.

"நான்தாம்மா தைச்சேன்" என்றார் கிழவர். "தையல்காரன். இப்ப கண்ணு போயிடுச்சு, மிஷினை விட்டுட்டேன். இது எங்கப்பா சண்டையில இருந்து கொண்டு வந்தது."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் மகன்.

மகன் அரசு மருத்துவமனையில் நர்ஸ். கதையை அவர்தான் சொன்னார். பக்கத்து வீட்டில் திருட்டுப் போய், விசாரிக்க வந்த காவலர்கள் இவர்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த தையல்காரர், கேட்காமலே சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை இறக்கிக் காட்டி, எங்கப்பா போரில் தூக்கிய துப்பாக்கி என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே அதை எடுத்துப் போய்விட்டார்கள். வீடு மகன் பெயரில் இருந்ததால் வழக்கும் மகன் பெயரில். மறு வாரமே அவருக்கு வேலையிலிருந்து தற்காலிக நீக்கம்.

சட்டம் ஒன்றும் புரியாத சட்டமில்லை. இன்றைக்கும் தோட்டா கிடைக்கிற ராணுவத் துப்பாக்கி என்றால் அனுமதியில்லாமல் வைத்திருந்தது குற்றம். சிறை, வேலை நிரந்தரமாகப் போகும். தோட்டா செய்வதையே நிறுத்திவிட்ட பழங்காலத் துப்பாக்கி என்றால் அது வெறும் பழம்பொருள். வழக்கு விழுந்துவிடும், துப்பாக்கியும் திரும்பக் கிடைக்கும். மகனுடைய பிழைப்பு நூலக்காவின் அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. இது மகனுக்குத் தெரியும். தகப்பனுக்கும் தெரியும், ஆனால் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

"அம்மா, இது சண்டைத் துப்பாக்கிதானே? அதை மட்டும் சொல்லிடுங்க. இன்ஸ்பெக்டர் சிரிக்கிறாரு. எங்க தெருவுல எங்கப்பாவுக்குப் பேரே பட்டாளத்தார்தான். நான் ஸ்கூல்ல அடி வாங்காம படிச்சதே அந்தப் பேரால" என்றார் கிழவர்.

நூலக்கா "அளந்த பிறகு சொல்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும். நான் அதை எடுத்து வைத்தேன், மேஜை ஓரத்தில்தான் இருந்தது. அவளோ உறையைக் கழற்றினாள், துப்பாக்கியை ஜன்னல் பக்கம் திருப்பினாள், உலோகத்தில் வெட்டியிருந்ததைப் படித்தாள். ஒரு கிரீடம், ஓர் ஆயுத ஆலையின் முத்திரை, ஒரு வருஷம். தோட்டா போடத் திறக்கும் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. குழலின் வாயில் மரத்தக்கை அடித்து மேலே மெழுகு ஊற்றியிருந்தது. உள்ளே பார்க்க வழியில்லை. கிழவர் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

"ஆமாங்கய்யா" என்றாள். "வருஷம் போர் வருஷம்தான். த்ரீ நாட் த்ரீ."

தையல்காரர் திரும்பி மகனைப் பார்த்தார். "கேட்டியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அந்த முகத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன். அதே நேரம் மகன் சுவரோரம் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். த்ரீ நாட் த்ரீ தோட்டா இன்றைக்கும் கிடைக்கும் என்பது காவலருக்குத் தெரியும், மகனுக்கும் தெரிந்திருந்தது. தகப்பன் ஜெயித்து மகன் தோற்ற மாதிரி இருந்தது அந்த நிமிஷம். கொஞ்ச நேரம் கழித்துக் கிழவருக்கும் அது உறைத்தது. மகன் தோளில் கை வைத்தார். மகன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போன பிறகு நூலக்கா என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்திரிச் சுருளைப் பார்த்தேன்.

"தெரியுது. வாயை மூடு" என்றாள். நான் வாயையே திறக்கவில்லை.

போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தாள். மறுநாள் மத்தியானம் அது முனகிக்கொண்டே திறந்தது. திறந்ததும் அவள் குனிந்து பார்த்தாள், விளக்கை இழுத்து இன்னொரு முறை பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. தோட்டா அடுக்குற பெட்டியில என்ன இருக்கு பாரு."

எனக்கு ஒரு மரத்துண்டு தெரிந்தது. பெட்டிக்குள் கச்சிதமாகச் செதுக்கி இறக்கியிருந்தார்கள். யாரோ அடைத்து வைத்த குப்பை என்று நினைத்தேன். குப்பையில்லை என்றாள். பத்துத் தோட்டா அடுக்கும் இடத்தை வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள். ஒரு தோட்டாவைக் கையால் வைத்துச் சுடலாம். அடுத்ததற்கு மறுபடி திறந்து வைக்க வேண்டும். போருக்குப் போகிறவன் கையில் யாரும் இப்படி ஒன்றைக் கொடுக்க மாட்டார்கள்.

பிறகு வாயிலிருந்த மெழுகைச் சுரண்டி, தக்கையைத் திருகி எடுத்தாள். அடைத்தவர் அரைகுறையாக அடைக்கவில்லை. விரல் நீளத்துக்கு மரம், அதற்குப் பின்னால் குழல் முழுக்கக் கெட்டிக் கொழுப்பு. துடைத்துத் துடைத்து ஒரு வாளி துணி வீணாயிற்று. அந்த வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துடைத்த பிறகு ஒரு ஈயக் குண்டைக் குழலுக்குள் தட்டி, கம்பியால் தள்ளி அந்தப் பக்கமாக எடுத்தாள். ராணுவத் துப்பாக்கிக் குழலின் உள்சுவரில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளம் இருக்கும். ஈயம் அதில் உரசி வரிவரியாக வெளியே வரும். இது மழமழவென்று வந்தது, உருட்டிய களிமண்போல.

கடைசியாகக் கந்தகம். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் துணியை அடைத்து, உருக்கிய கந்தகத்தை ஊற்றி, ஆறவிட்டுத் தட்டினால் அந்த அறையின் அச்சு அப்படியே வெளியே வரும். எனக்கு அந்த நாற்றத்தில் தலைவலி வந்துவிடும் என்பதால் வராந்தாவில் நின்றேன். த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்குத் தோளும் கழுத்தும் உண்டு, புட்டி மாதிரி. அவள் கையில் இருந்த மஞ்சள் அச்சுக்கு இரண்டுமில்லை. நேராக, விரல்போல இருந்தது. வீங்கின மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு, திரும்பத் திரும்ப அளந்தாள். நானூற்றுப் பத்து என்கிற வேறு ரகம்.

முன்கட்டையைக் கழற்றியபோது மிச்சமும் வந்துவிட்டது. மரத்துக்கு அடியில் ஒளிந்திருந்த குழலில் இரண்டாவது முத்திரை ஒன்று. போர் முடிந்து பல வருஷம் கழித்து வெட்டியது. சிறைத் துறையின் முத்திரை, அதன் பக்கத்தில் அலமாரி எண், அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. கழித்துக் கட்டியாயிற்று என்று அர்த்தம். ஊருக்கு வெளியே ஒரு பழைய சிறை இருந்தது. இப்போது அங்கே பேருந்துப் பணிமனை. தேய்ந்துபோன போர்த் துப்பாக்கிகளை வாங்கி, வரிப்பள்ளத்தைக் கடைந்து எடுத்துவிட்டு, சிறைக் காவலர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மதிலுக்குள் இருக்கிறவர்கள் பிடுங்கிக்கொண்டால்கூட ஒரு தடவைக்கு மேல் சுட முடியாது. அதற்காகத்தான் அந்த மரத்துண்டு. அதற்கென்று தனியாகச் செய்த தோட்டாவை நிறுத்திப் பல காலமாயிற்று. கடையில் விற்கிற நானூற்றுப் பத்து இதில் சரியாக உட்காராது.

"அப்ப பையன் தப்பிச்சாரு" என்றேன்.

"ம்."

"பட்டாளத்தார்தான் போனாரு."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டப்பகலில் அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகன் விசாரிக்க வந்தபோது அவளே எழுந்துபோய்ச் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, வழக்கு நிற்குமா என்று. நிற்காது என்றதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நல்ல மனுஷர், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நானும் தட்டச்சை நிறுத்தினேன். அதன்பிறகுதான் சிறை விஷயம் வந்தது. அவர் கையை எடுத்தார்.

"மேடம், அதை அப்பாகிட்ட சொல்ல வேணாமே. ரிப்போர்ட்ல அளவை மட்டும் போட்டா போதாதா?"

"எங்க செஞ்சது, யாருக்காக மாத்துனதுன்னு கேட்டிருக்காங்க. போட்டுத்தான் ஆகணும். கோர்ட்ல படிப்பாங்க."

"அவரு கோர்ட்டுக்கு வராம நான் பார்த்துக்குறேன்."

"வருவாரு" என்றாள். "அன்னிக்கி நான் சொன்னதைக் கேட்டுட்டு, எல்லார் முன்னாடியும் கேக்கணும்னு வருவாரு. தப்பா சொன்னது நான். திருத்திச் சொல்லவேண்டியதும் நான்தான். கூட்டிட்டு வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் கிழவரை உள்ளே விட்டவன் மேல் இருக்கலாம்; தூக்கம் இல்லாமல் வேலைக்கு வந்தவள் மேலும் இருக்கலாம். அவளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காத இந்தப் பிழைப்பின் மேல்தான் அதிகம் இருந்தது.

தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இந்தத் தடவை நாற்காலி போட்டேன். மேஜையில் துப்பாக்கி பிரிந்து கிடந்தது. கட்டை தனியாக, குழல் தனியாக. நூலக்கா சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, அன்னிக்கி நான் அளக்காம சொல்லிட்டேன். மேல இருந்த எழுத்தைப் படிச்சுட்டு சொன்னேன். அது தப்பு."

"சண்டைத் துப்பாக்கி இல்லையா?"

"சண்டைத் துப்பாக்கிதான். ஆனா சண்டை முடிஞ்ச பிறகு இதை வேற வேலைக்கு மாத்தியிருக்காங்க. உள்ள இருக்குற வரியெல்லாம் கடைஞ்சு எடுத்துட்டு, ஜெயில் காவலுக்குக் கொடுத்திருக்காங்க. உங்கப்பா கைக்கு வந்தது அதுக்கும் பிறகுதான். இதுக்குத் தோட்டா செய்றதையே நிறுத்திட்டாங்க, அதனால கேஸும் நிக்காது."

அவர் குழலைத் தொட்டுப் பார்த்தார். மரத்துண்டை எடுத்து, ஓரங்களைக் கட்டைவிரலால் தடவினார். வேலை தெரிந்தவர் கை அது. செய்தவனின் சுத்தத்தைத்தான் முதலில் பார்த்தது.

"பெரியவங்க கோட்டைப் பிரிச்சுச் சின்னவங்களுக்குத் தைக்கிறது மாதிரி" என்றார்.

"ஆமாங்கய்யா."

"நானே எத்தனையோ தைச்சிருக்கேன். துணி அதேதான். ஆனா போட்டுக்கிட்டுப் போனவரு வேற." மரத்துண்டைக் கீழே வைத்தார். "அப்ப துப்பாக்கி சண்டைக்குப் போச்சு. எங்கப்பா போகலை. அதானே?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நூலக்கா முந்திக்கொண்டாள்.

"துப்பாக்கியை வெச்சு அவ்வளவுதான் சொல்ல முடியும். அவரு வேற துப்பாக்கியோட போயிருக்கலாம். இதோட போகலை."

"போயிருந்தா இதை ஏன் மாட்டி வெக்கணும்? அவரு இருந்தது ஜெயில் காவல்ல" என்றார் கிழவர். குரலில் கோபமில்லை. ஒரு பெரிய துணியை மடித்து வைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். பட்டாளத்தார் மகன் என்ற பேரோடு ஒரு முழு ஆயுசை வாழ்ந்து முடித்தவர். அதை அந்த மேஜையில், பிரித்துப்போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். இவர் பாட்டுக்கு அழுதுவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஏன் கேஸு விழுந்துடும்னு சொல்லலை?" என்று மகனிடம் கேட்டார். "நான் அதுக்கு வருத்தப்படுவேன்னு நினைச்சியா? உன் வேலை பெரிசா, இது பெரிசா." சொல்லிவிட்டு நூலக்கா பக்கம் திரும்பினார். எழுந்துவிடுவார், போய்விடுவார், நாங்களும் மிச்ச நாளை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இன்னொண்ணு. அளந்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியும். எங்கப்பா இதால யாரையாவது சுட்டிருப்பாரா?"

இத்தனை வருஷம் தன் அப்பா எத்தனை எதிரிகளைச் சுட்டார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர் இவர். எதிரி என்றால் முகம் கிடையாது. மதிலுக்குள் பூட்டி வைத்த ஆளுக்கு முகம் உண்டு, ஊர் உண்டு, ஒருவேளை பக்கத்துத் தெருவில் குடும்பமும் உண்டு. அது அவருக்கு உறைத்துவிட்டது. இல்லை என்ற ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருப்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மகன் நூலக்காவைப் பார்த்த பார்வை கெஞ்சல். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"பார்த்துட்டு சொல்றேன்" என்றாள்.

விளக்கை இழுத்தாள். குழலைக் கொக்கியில் மாட்டி, ஒரு முனையில் கண்ணை வைத்தாள். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும், இடையில் ஒரு தடவை கையை உதறிக்கொண்டாள். பிறகு பக்கம் மாற்றி அந்த முனையில் கண்ணை வைத்தாள். தையல்காரர் மடியில் கை வைத்து, அளவு எடுக்க நிற்கும் பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார்.

"உள்ள கடைஞ்ச கருவியோட கீறல் எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள் கடைசியில். "நிறைய சுட்டிருந்தா தேய்ஞ்சு அழிஞ்சு போயிருக்கும். இது சுட்ட துப்பாக்கின்னு சொல்றதுக்கே இல்லை. மாத்தின இடத்துல சோதனைக்குச் சுட்டிருப்பாங்க. அதுக்கு மேல பெருசா ஒண்ணும் இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"பெருசா இல்லை."

"ஒண்ணு இருக்கலாமா?"

இல்லைன்னு சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"இருக்கலாங்கய்யா" என்றாள் நூலக்கா. "ஒண்ணுக்கும் ஒண்ணுமே இல்லாததுக்கும் வித்தியாசம் இதுல தெரியாது."

கிழவர் தலையாட்டினார். மேஜையில் கிடந்த மரத்தக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதைக் கேஸ் முடியும்வரை நாங்கள் பத்திரப்படுத்த வேண்டும். நூலக்கா அதைத் திரும்பக் கேட்கவில்லை.

"இதை அடிச்சது அவருதான். நான் சின்னவன், மெழுகு உருக்கிக் கொடுத்தேன். எதுக்குப்பா அடைக்கிறேன்னு கேட்டதுக்கு, குருவி கூடு கட்டிடும்னாரு." லேசாகச் சிரித்தார். "நாங்க ஏழு பேரு. தினமும் சாயங்காலம் வரிசையா நிக்க வெச்சு எண்ணுவாரு. எண்ணின பிறகுதான் சோறு. பட்டாளத்துப் பழக்கம்னு அம்மா சொல்லுவா. ஒரு நாள் விளையாட்டுக்கு நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். ஒரு ஆளு குறையுதுன்னதும் அவரு என்னைத் தேடலை. அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நான் வெளிய வந்து அப்பா இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு சொல்றேன், அவருக்குக் காதுலயே விழலை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாரு. அடிக்கக்கூட இல்லை." தக்கையை மேஜையில் வைத்தார். "நாங்க எல்லாரும் அதைச் சண்டைன்னு நினைச்சுட்டோம்."

மகன் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, காலி உறையைக் கேட்டார். கட்டையைப் பிரித்து மாட்டும்போது பின்பக்கம் கொஞ்சம் இறுகும், ஒரு தையல் விட்டுத் தருகிறேன் என்றார். கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நானும் நூலக்காவும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏன்க்கா, வீட்டுல தினமும் நாப்பது பேருன்னு சொல்றீங்க. இங்க ஒரே ஒரு இல்லை சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்? கேஸ் கேட்ட கேள்வி இல்லையே அது. அந்த மனுஷன் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பாரு."

பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். வரவில்லை.

"முதல் நாள் அவருக்குப் பிடிச்சதைத்தானேடி சொல்லி அனுப்பினேன்" என்றாள்.

பேருந்து வந்தபோது நல்ல கூட்டம். அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.